பொட்டு வைத்த வெண்கலப் பானை

நீங்கள் எழுதி வைத்திருப்பது பொய். நந்தனத்துக் கண்காட்சியில் அந்த வெண்கலப் பானைக்குப் பக்கத்தில் 'வழிபாட்டுப் பாத்திரம்' என்று அட்டை வைத்த அதிகாரியைத்தான் சொல்கிறேன்.

அது எங்கள் வீட்டில் கிடைத்த பானை. சாந்தோமில், வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்காகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தோம். இடுப்பளவு ஆழம் போனதும் மேஸ்திரி கடப்பாரையை நிறுத்தினார்.

"அக்கா, டங்குனு கேக்குது. பான மாதிரி இன்னாமோ கீது."

மண்ணைக் கையால் தள்ளி எடுத்தோம். வெளியே பச்சைக் களிம்பு, அடியில் கரி. உள்ளே அடிப்பிடித்துக் காய்ந்த கறுப்புப் பொருக்கு. அதில் ஒரு துண்டு மீன் முள் பதிந்திருந்தது.

தொல்லியல் துறைக்குத் தகவல் சொன்னோம், நீங்கள் வந்தீர்கள். ஐந்நூறு வருஷம் இருக்கலாம் என்றீர்கள். குனிந்து முள்ளைப் பார்த்துச் சிரித்தீர்கள். "யாரோ அடுப்புல வெச்சுட்டு மறந்துட்டாங்கம்மா. நல்லவேளை, நீங்க கழுவாம வெச்சிருந்தீங்க" என்றீர்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. போன வெள்ளிக்கிழமைதான் நானும் போனில் பேசிக்கொண்டே மீனைத் தீய விட்டிருந்தேன்.

பிறகு கண்காட்சி என்று கேள்விப்பட்டு நந்தனத்துக்குப் போனேன். பானை பொன் மாதிரி மின்னியது. கரி இல்லை, பொருக்கு இல்லை, முள் இல்லை. அட்டையில் 'விளிம்பில் குங்குமத் தடம் காணப்படுகிறது' என்று வேறு எழுதியிருந்தது.

பக்கத்தில் நின்ற உங்கள் ஊழியரிடம் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை.

"ஆயுத பூஜைக்கு ஆபீஸ்ல இருந்த எல்லாத்தையும் தொடச்சோம்மா. இது ஒண்ணு மட்டும் அழுக்கா குந்திக்கினு இருந்துது, புளி போட்டுத் தேச்சிட்டோம். கம்ப்யூட்டருக்கே பொட்டு வெச்சோம், இதுக்கு வெக்க மாட்டோமா?"

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பண்டிகைக்குப் பாத்திரத்தைத் தேய்ப்பது தப்பென்று அவருக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. ஆனால் உங்களுக்குத் தெரியும்.

உங்கள் அறைக்கு வந்து கேட்டேன். வெண்கலத்தில் யார் மீன் சமைப்பார்கள், மண்சட்டியில்தானே சமைப்பார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டீர்கள். அன்றைக்குச் சமைத்தவளின் மண்சட்டி உடைந்திருக்கலாம். புளி விடாமல் மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்திருக்கலாம். எனக்குத் தெரியாது. முள் இருந்தது, அது தெரியும். கடைசியில் நீங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள்.

"விடுங்கம்மா. பூஜைப் பாத்திரம்னா உங்க இடத்துக்குப் பெருமைதானே?"

எங்களுக்கு அந்தப் பெருமை வேண்டாம். அங்கே ஒருத்தி அடுப்பு மூட்டினாள், யாருக்கோ மீன் வேகவைத்தாள், அது தீய்ந்துபோனது. அவள் இருந்ததற்கு மிச்சம் அந்தப் பொருக்கு மட்டும்தான். அதைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அவள் இடத்தில் உங்கள் ஆபீஸ் குங்குமத்தை வைத்திருக்கிறீர்கள்.

முள்ளைப் பார்த்தவர்கள் மூன்று பேர். மேஸ்திரி சொன்னாலும் நான் சொன்னாலும் எடுபடாது. நீங்கள் சொன்னால்தான் அந்த அட்டை மாறும். எனக்குத் தனியாகப் போன் செய்து சமாதானம் சொல்ல வேண்டாம். அந்தப் பானைக்குப் பக்கத்தில், பார்க்க வந்தவர்கள் எல்லார் முன்னாலும் நின்று சொல்லுங்கள்: நீங்கள் குனிந்து பார்த்த முள் எங்கே?