சாம்பல் மிசினும் மாமாவின்ரை களமும்

உழவு மிசின் எண்டால் எனக்கு ஒரு மிசின்தான். சாம்பல் நிறம், ஆள் கட்டை, மூக்கு கொஞ்சம் உருண்டது. இப்ப றோட்டில போற பெரிய மிசின்களைப் பாத்து ஆரும் "என்ன பெலன்" எண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். பெலன் யானைக்கும்தான் இருக்கு. யானையைக் கொண்டுவந்து வரம்போட ஒட்டி உழச் சொல்லுங்கோ பாப்பம். எங்கடை சாம்பல் மிசின் வயல் மூலை வரைக்கும் போய், நிண்ட நிலையில மாதிரித் திரும்பி வரும். வரம்பில ஒரு பிடி மண் உதிராது.

உலகச் சண்டை முடிஞ்ச கையோட சீமையில செய்யத் தொடங்கின சாதி அது. முதல் வந்தது தனிப் பெற்றோலில ஓடுறது. வன்னியில வயல் செய்யிறவனுக்குப் பெற்றோல் கட்டுமோ? சீமையிலயும் கட்டேல்லைப் போல. பிறகு தாங்கியை இரண்டாய்ப் பிரிச்சு ஒண்டை விட்டாங்கள். சின்னப் பக்கம் பெற்றோல், பெரிய பக்கம் மண்ணெண்ணெய். பெற்றோலில எழுப்பி, உடம்பு சூடாகினாப் பிறகு குழாயை மண்ணெண்ணெய்க்குத் திருப்போணும். நிப்பாட்ட முதல் திரும்பவும் பெற்றோலுக்கு வரோணும். அதை மறந்தியோ, ஆறினாப் பிறகு என்ன கெஞ்சினாலும் எழும்பாது. அதுக்குப் பிறகு டீசல் வந்தது. இன்னும் கொஞ்சக் காலத்தால உடம்பு பெருத்து, மேலுக்குச் சிவப்புப் பூசிக்கொண்டு அதின்ரை தம்பிமார் வந்து இறங்கிச்சினம். சிவப்பு நல்ல மிசின்தான், நான் குறை சொல்லேல்லை. ஆனால் எனக்கு வாய்ச்சது நடுவில பிறந்த மண்ணெண்ணெய்க்காரன், என்ரை மனசும் அதோடதான்.

அதில ஒரு கெட்டித்தனம் இருந்தது. எழுப்பிறதுக்கெண்டு புறம்பாய் ஒண்டும் கிடையாது, கியர்த் தடியைத்தான் ஒரு பக்கம் தள்ளோணும். கியரில கிடக்கிற மிசினை எழுப்பவே ஏலாது. தெரியாத்தனமாய் ஆரும் தொட்டாலும் அது பாஞ்சு ஆளை மிதிக்காது. அதை யோசிச்சுச் செய்த மனுசன் ஆரெண்டு எனக்குத் தெரியாது. ஆனால் பிள்ளை குட்டிக்காரனாய்த்தான் இருந்திருப்பான் எண்டு நான் அடிக்கடி நினைக்கிறனான்.

மிசினோட என்ன கூட வரும், என்ன கேட்டால்தான் வரும் எண்டது பெரிய கதை. கலப்பையைத் தூக்கி இறக்கிற கை கூடவே வரும். அதுதான் அதின்ரை உயிர். லைற் கேட்டால்தான் வரும். மில்லுச் சுத்திறதுக்கு வார்ப்பட்டி போடுற சில்லும் கேட்டால்தான். சேத்துக்கு இரும்புச் சில்லு வேணுமெண்டால் அதையும் கேட்டு எடுக்கோணும். சீமையில கொடிமுந்திரிகைத் தோட்டக்காரருக்கெண்டு இடுப்பொடுங்கின மிசின் ஒண்டும் செய்தவங்களாம். அதைக் கேட்டு நானும் அண்ணரும் விழுந்து விழுந்து சிரிச்சனாங்கள். அண்ணரும் நானும் சேர்ந்துதான் எங்கடை மிசினை எடுத்தனாங்கள். அவர் லைற்றுக்கு நிண்டார், நான் இரும்புச் சில்லுக்கு நிண்டன். நான் வெண்டன். லைற் போடுற இடம் கடைசி வரைக்கும் வெறுமனேதான் கிடந்தது, அண்ணரும் அதைக் கடைசி வரைக்கும் சொல்லிக் காட்டினவர்.

இனி மாமாவிட்டை வாறன். மாமா எண்டது என்ரை மனுசியின்ரை தகப்பன். யாழ்ப்பாணத்தில, பிறகு தமையன்ரை கைக்குப் போன புகையிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில பிறந்து வளர்ந்த மனுசன். குடியேற்றத்தில காணி குடுக்கினமெண்டு கேள்விப்பட்டு, கனகராயன்குளத்துக்கு இஞ்சால காடு வெட்டி வயலாக்கினவர். நான் மகளைக் கட்டினபோது அவர் வந்து கன காலமில்லை. முதல் விளைச்சலை வெள்ளம் கொண்டுபோச்சுது. அடுத்ததைக் காட்டுப்பண்டி கொண்டுபோச்சுது. தமையன் ஆளனுப்பினார், இந்தமுறையும் சரிவராட்டிக் காணியை விட்டிட்டு வரட்டாம், தோட்டத்துக்கு வாய்க்கால் திறந்து தண்ணி மாற ஆள் தேவையாம் எண்டு. கூடப்பிறந்தவனுக்குச் சொல்லுற சொல்லே அது? மாமா வந்த ஆளைத் திருப்பி அனுப்பிப்போட்டு விதைச்சார். ஆனால் அந்தமுறை விதைச்சதிலயிருந்து அவருக்கு ஒழுங்கான நித்திரை கிடையாது எண்டு மனுசி சொல்லுவா.

அந்தமுறை வயல் விளைஞ்சுது. அப்பிடி ஒரு விளைச்சல். வெட்டிக் கட்டிச் சூடு வைச்சாச்சு. கதிரெல்லாம் பெரிய குவியலாய் வயலுக்கை நிக்குது, அடிச்சு நெல்லாக்கி வீட்டுக்குக் கொண்டுவரோணும். அதுக்கு மாமாவிட்டை, கழுத்தோட கழுத்துப் பிணைச்சுக் கதிர் மிதிக்க விடுற எருமைப் பிணையல் ஒண்டு இருந்தது. சூடு வைச்ச கையோட மாட்டுக்கு வருத்தம் வந்திட்டுது. வாயில நுரை, காலில புண். ஒவ்வொண்டாய் விழுந்துது. மாமா ஒவ்வொண்டையும் தானே குழி வெட்டித் தாட்டார். அயலிலயும் அதே கதிதான், இரவலுக்குக் கூட மாடில்லை. மாசி மாதம், காயோணுமெண்ட வெயில் காயேல்லை. கிழக்கால ஒவ்வொரு நாளும் கறுத்துக்கொண்டு வருகுது. சூடு நனைஞ்சால் உள்ளுக்கை வெந்து முளைச்சுப் போம். அப்ப மாமா புகையிலைக்குத் தண்ணி மாறத்தான் போகோணும்.

நான் மிசினைக் கொண்டுபோனன். ரயரால சூடு மிதிக்கிறது அப்பதான் எங்கடை பக்கம் வெளிக்கிட்ட புதுப் பழக்கம். கதிரைப் பரப்பி, மிசினை வட்டமாய் மெல்ல விட வேண்டியதுதான். மாமா களத்து வாசலில நிண்டார். களத்துக்கு அவர் வைச்ச சட்டம் கோயிலுக்குக் கூட இல்லை. பழைய வன்னி ஆக்களிட்டைக் கேட்டுப் பழகினதுதான், ஆனால் அவையிலும் பாக்க இவருக்குத்தான் பிடி கூட. நடுவில சாணியில பிள்ளையார். உள்ளுக்கை "இல்லை", "முடிஞ்சுது", "காணாது" எண்டு ஒருத்தரும் சொல்லப்படாது. செருப்பு எண்டால் களத்துப் பக்கமே கொண்டு வரப்படாது.

மாமா என்ரை மிசினை மேலும் கீழும் பாத்தார்.

"தம்பி, செருப்போட இதுக்குள்ள ஒரு சீவனும் வராது. மிசினும் வராது."

நான் பகிடியெண்டு நினைச்சுச் சிரிச்சன். அவர் சிரிக்கேல்லை. ரயர் செருப்பில்லை மாமா எண்டன். மனுசன் குனிஞ்சு, வாசலில கழட்டி வைச்ச தன்ரை செருப்பில ஒண்டைத் தூக்கி என்ரை முகத்துக்கு நேரை பிடிச்சார். பழைய லொறி ரயரில வெட்டித் தைச்ச செருப்பு. அடியில ரயரின்ரை வரி அப்பிடியே கிடக்கு. இது என்ன எண்டு கேட்டார். ஊரில பாதிப்பேர் அந்தச் செருப்புத்தான் போட்டவை.

எனக்குக் கோபம் தலைக்கேறிச்சுது. அள்ளிக்கொண்டு போக மழை வருகுது, இவர் செருப்புக் கதை கதைக்கிறார். இஞ்சினின்ரை சத்தத்துக்கு மேலால நான் கத்தினன், அவர் கத்தாமல் நிண்டார். கத்தாத ஆளோட சண்டை பிடிக்கிறது மாதிரி எரிச்சல் வேறை கிடையாது. மிசினைத் திருப்பிக்கொண்டு வீட்டை வந்திட்டன். அண்டைக்குப் பின்னேரம் தூறல் போட்டுது. சூட்டுக்கு மேல போட்ட தென்னங்கிடுகை மாமா தனிய நிண்டு திருப்பித் திருப்பி அடுக்கினதை நான் தூரத்தில கண்டனான்.

மனுசி குசினிக்குள்ள நிண்டு எல்லாத்தையும் கேட்டா. நான் அவவின்ரை தகப்பனைத் திட்டி முடிக்கும் வரைக்கும் அடுப்பை ஊதிக்கொண்டு நிண்டா. பிறகு ஒண்டே ஒண்டு சொன்னா.

"ஐயாவை வெல்லப் பாக்காதேங்கோ. அவர் வாறதுக்கு ஒரு வழியை விடுங்கோ."

விடியத் திரும்பவும் போனன். மாமாவும் இரவு முழுக்க யோசிச்சிருக்கிறார் போல, முகம் வாடிப்போய்க் கிடந்தது. என்னைக் கண்டவுடனை அவரே கதையை எடுத்தார். சேத்துக்கை ஓடேக்க நீர் இரும்புச் சில்லுப் போடுறனீரெல்லே, அதைப் பூட்டிக்கொண்டு வாருமன், இரும்பெண்டால் நான் மறிக்கமாட்டன் எண்டார். அந்தச் சில்லின்ரை பட்டங்கள் சேத்தை வெட்டுறதுக்கெண்டு செய்தது. களத்தில விட்டால் நெல்லு மாவாய்த்தான் வரும். அதைச் சொல்ல வாய் எடுத்தனான். எடுத்த இடத்திலதான் அவர் சொன்ன சொல்லு எனக்குத் தட்டிச்சுது. பூட்டிக்கொண்டு வாரும்.

"மாமா, இரும்புச் சில்லுத்தான் நாங்கள் காசு குடுத்துப் பிறகு பூட்டினது. அதுதான் செருப்பு. ரப்பர் அது பிறக்கேக்கக் கொண்டுவந்த கால்."

மாமா வாயிலயிருந்த வெத்திலையைத் துப்பிப்போட்டு வந்தார். கப்பலால இறக்கேக்க எந்தக் காலில நிண்டது எண்டு கேட்டார். இந்தக் காலிலதான் எண்டன். இது மட்டுமோ, இந்தச் சாதி முழுக்கவோ எண்டார். முழுக்கவும்தான், பெற்றோல்காரன், மண்ணெண்ணெய்க்காரன், சிவப்புத் தம்பி எல்லாம் இந்தக் காலோடதான் தொழிற்சாலை வாசலைத் தாண்டுது, இரும்பு வேணுமெண்டால் நாங்கள்தான் கேட்டு வாங்கிப் போடுறது எண்டன். எருமைக்குக் குளம்பு மாதிரி எண்டு அவரே மெல்லச் சொன்னார். பிள்ளையாருக்கு முன்னால சொல்லுவீரோ எண்டார். சொன்னன். பொய்யெண்டால்தானே பயம்.

"அப்ப காலைக் கழுவிப்போட்டு வரட்டும்."

கழுவினது ஆர் எண்டு நினைக்கிறியள்? அவரேதான். தேங்காய்ப் பொச்சு மட்டையும் வாளித் தண்ணியுமாய்க் குந்தியிருந்து, ரயரின்ரை ஒவ்வொரு வரிக்குள்ளயும் கிடந்த சேத்தைத் தோண்டித் தோண்டி எடுத்தார். பிறகு மஞ்சள் தண்ணி. பிறகு மூக்கில ஒரு சந்தனப் பொட்டு. என்னையும் செருப்பைக் கழட்டச் சொன்னார். இஞ்சின் சூட்டில கொதிச்ச இரும்பு மிதியில வெறுங்கால் வைச்சுப் பாருங்கோ, அப்ப தெரியும். உள்ளங்கால் அவிஞ்சுது. ஆனால் வாயைத் திறக்கேல்லை. களத்துக்குள்ள நிக்கிறனெல்லே.

அந்தமாதிரி அந்த மிசின் ஓடி நான் வேறை ஒரு நாளும் காணேல்லை. மண்ணெண்ணெய்க்குத் திருப்பி, கீழ்க் கியரில போட்டு, விசையைக் குறைச்சு விட்டால், அதுக்குப் பிறகு என்ரை வேலை சுக்கானைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறதுதான். ஒரே சீரான சத்தம். கதிர் தடிப்பாய்க் கிடக்கிற இடத்தில கொஞ்சம் முனகும், உடனை தானே மூச்சை எடுத்துக்கொண்டு போகும். பிணையல் நாள் முழுக்க மிதிக்கிறதை அது மத்தியானத்துக்கிடையில மிதிச்சுது. வைக்கலைக் கிளறுறதுக்கு இடைவிட்டபோதெல்லாம், எண்ணெய் ஒரு துளி களத்தில விழப்படாதெண்டு மிசினை வெளியால கொண்டுபோய் நிப்பாட்டினன். ஒவ்வொரு முறையும் மறக்காமல் பெற்றோலுக்குத் திருப்பினன். மாமா மிசினுக்கு முன்னால நடந்தார். "பொலி, பொலி" எண்டு, எருமைக்குச் சொல்லுற அதே குரலில. இடைக்கிடை குனிஞ்சு ஒரு பிடி நெல்லை அள்ளி உள்ளங்கையில தட்டிப் பாப்பார். உடைஞ்ச மணி இருக்கோ எண்டு தேடுறார். கிடைக்கேல்லை. அந்த மிசினைச் செய்தவன் அண்டைக்கு அதில நிண்டிருக்கோணும் எண்டு எனக்குத் தோன்றிச்சுது.

கிழக்கால கறுத்து முழங்கத் தொடங்கேக்க கடைசிக் கதிரும் மிதிபட்டிட்டுது. முடிஞ்சுது எண்டு நான் சொல்லேல்லை, குழாயைத் திருப்பி மிசினை வெளியால எடுத்தன். நாங்கள் சாக்குகளைக் கட்டி, மிசினுக்குப் பின்னால கொழுவின பெட்டியில ஏத்திக்கொண்டு நிக்க, மாமாவைக் காணேல்லை. திரும்பிப் பாத்தால், அவர் மிசினுக்கு முன்னால நிக்கிறார். கையில புது வைக்கல் ஒரு கட்டு. சூடு மிதிச்ச மாட்டுக்கு முதல் வைக்கல் போடுறது அவரின்ரை வழக்கம். அதை மிசினின்ரை மூக்குக்குக் கீழ வைச்சார். மாடுகளை நினைச்சாரோ என்னவோ, சால்வைத் தலைப்பால கண்ணைத் துடைச்சார். வேறை நாளெண்டால் நான் வயிறு நோகச் சிரிச்சிருப்பன். எனக்கும் அழுகை வந்திட்டுது.

மூட்டைகள் வீட்டுக்குள்ள போன கையோட மழை கொட்டிச்சுது. மாமா வாசலில சாய்வுக் கதிரையைப் போட்டு அதில இருந்து அதைப் பாத்துக்கொண்டே நித்திரையாப் போனார். ஆரும் எழுப்பேல்லை.

நெல்லைக் குத்தி, ஒரு மூட்டை புது அரிசியோட மாமா யாழ்ப்பாணம் போனார், நானும் கூடப் போனன். தமையன் வாசலிலயே மூட்டையை அவிழ்த்து ஒரு பிடி அள்ளி மணந்து பாத்தார். மண்ணெண்ணெய் மணக்குதோ எண்டு பாக்கிறார். மிசினால மிதிச்ச நெல்லாமெண்டு கேள்வி, சாமிக்குப் படைக்கலாமோ எண்டு கேட்டார். கேட்ட விதத்தில இன்னும் அந்தத் தண்ணி மாறுற கதை கிடந்தது. மாமா செருப்பைக் கழட்டி ஒரு கரையில ஒழுங்காய் வைச்சுப்போட்டுத் தமையனை நிமிர்ந்து பாத்தார்.

"ஓம், மிசின்தான். வெறுங்காலோடதான் மிதிச்சது."

தமையன் என்னைப் பாத்தார். நான் ஓமெண்டு தலையாட்டினன். தமையன்ரை மனுசி ஒண்டும் கேக்காமல் அரிசியை வாங்கிக் களைஞ்சு உலையில போட்டா. பொங்கிப் படைச்சுச் சாப்பிட்டனாங்கள். தோட்டத்துக்கு வா எண்ட கதை அண்டைக்கு எழும்பேல்லை, அதுக்குப் பிறகும் எழும்பேல்லை. நாங்கள் வெளிக்கிடேக்க தமையன் மாமாவிட்டை ஒண்டுதான் கேட்டார், அடுத்த சூடு மிதிக்கேக்கத் தன்னையும் கூப்பிடச் சொல்லி.