வெளுத்துப்போன வேங்கைத் தண்ணீர்

இரவு முழுவதும் வேங்கை மரக் கோப்பையில் ஊறிய தண்ணீருக்கு மழையில் நனைந்த பலகையின் மணமும் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பும் உண்டு. கண்ணாடிக் கிளாசில் ஊற்றி நேராகப் பார்த்தால் தேத்தண்ணீர் நிறம், ஜன்னல் வெயிலில் சாய்த்துப் பிடித்தால் விளிம்பில் ஒரு நீலம் மின்னி மறையும். அறுபதுகளின் நடுவில், மாத்தளை நகரத்தில் இருந்த எங்கள் வீட்டில், காலையில் அந்த நிறத்தைப் பார்த்து வாப்பாவிடம் சொல்வது என் வேலை. பத்து வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அதுதான். சம்பளமும் இல்லை, இடமாற்றமும் இல்லை.

சிங்களத்தில் "கம்மாலு" என்று சொல்லப்படும் வேங்கை, இரத்தோட்டைக்கு அப்பால் மலைச்சரிவு வறண்டு புல்வெளியாகும் இடங்களில், நெல்லிக்கும் கடுக்காய்க்கும் இடையே ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நின்றது. புல்லுக்கு யாராவது வருடந்தோறும் தீ வைப்பார்கள். நெருப்பைத் தாங்குமளவுக்கு அதன் பட்டை தடித்து வெடித்திருக்கும். கோடையில் இலையை உதிர்த்துவிட்டு, பிறகு கொத்துக் கொத்தாக மஞ்சளாய்ப் பூக்கும். காய் அப்பளம்போலத் தட்டை: நடுவில் ஒரு விதை, சுற்றிவர காற்றில் பறப்பதற்கு ஒரு மெல்லிய இறகு. பட்டையைக் கீறினால் இரத்தம்போல் வடிந்து கறுப்பாக உறையும் பிசினை வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுத்தார்கள், பல்வலிக்கு ஈறில் அடக்கிக்கொண்டார்கள். இலை மாட்டுக்குப் போனது, மரம் கதவு நிலைக்கும் வண்டிக்கும் போனது. வெட்டுவதற்கு ஓர் அனுமதி, வெட்டியதை ஏற்றுவதற்கு இன்னோர் அனுமதி என்று அந்தக் கோப்புகளைப் பிற்காலத்தில் நானே பார்த்திருக்கிறேன். கடைந்தெடுத்த கோப்பைக்கு மட்டும் யாரும் அனுமதி கேட்கவில்லை. சுற்றறிக்கை எழுதியவருக்குத் தாகம் எடுத்திருக்காது.

வாப்பா ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுத்து வேலை பார்த்த தலைமை லிகிதர். அவருக்குச் "சீனி வியாதி" என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்து, தினமும் விழுங்கக் குளிசை கொடுத்தார்கள். கூட வேலை செய்தவர்கள் வேங்கைக் கோப்பையைச் சொன்னார்கள். வாப்பா இரண்டையும் ஏற்றுக்கொண்டார். யட்டவத்தைச் சந்தையில் கோப்பை வாங்கி வந்த நாளிலேயே அதற்கு ஒரு விளக்கமும் அவரிடம் தயாராகிவிட்டது. வாய் வைத்துக் குடிக்கும்போது கோப்பை உடம்பிலுள்ள சீனியை உறிஞ்சிக்கொள்கிறது, மறுநாள் ஊறும் தண்ணீரில் அதைக் காட்டுகிறது. ஆகவே நிறத்தைக் கவனித்தால் வியாதியைக் கவனித்ததாகும். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. பல வருடங்களாகக் கோப்புகளில் காரணத்தையும் விளைவையும் வரிசையாக எழுதி வந்தவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவுமில்லை. "அப்ப நான் குடிச்சா என்ன நெறம் வரும்?" என்று உம்மா ஒரு தடவை கேட்டார்.

நான் தினமும் கோப்பையிலிருந்து கொஞ்சம் கிளாசில் ஊற்றி, நிறம் சொல்லி, மறுபடியும் கோப்பையில் விட்டுக் கொடுப்பேன். முதல் வாரங்களில் கடும் தேத்தண்ணீர். பிறகு இளம் தேத்தண்ணீர். பிறகு தேன். நோன்பு தொடங்குவதற்குச் சற்று முன் ஒருநாள் கிளாசுக்கு அந்தப் பக்கம் இருந்த சுவர் சுத்தமாகத் தெரிந்தது. "வாப்பா, வெறும் தண்ணி" என்று கத்திக்கொண்டு ஓடியது எனக்கு நினைவிருக்கிறது. வாப்பா என் தலையைத் தடவினார். அன்றைக்கே குளிசைப் போத்தல் அலுமாரியின் மேல் தட்டுக்குப் போனது. கந்தோரில் வேலை முடிந்த கோப்புகளையும் அவர் அப்படித்தான் வைப்பார். நோன்பு முப்பதையும் பிடித்தார். பெருநாளன்று கருப்பட்டியில் செய்த வட்டலப்பத்தை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உம்மா அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான்தானே சாட்சி.

பெருநாளுக்கு வாங்கிய சப்பாத்து அவருடைய வலது காலின் சின்ன விரலைக் கடித்தது. கடுகளவு காயம். அது ஆறவில்லை. இரண்டாவது வாரம் விரல் கறுக்கத் தொடங்கியபோதும் வாப்பா, தண்ணீர் தெளிவாக இருக்கிறது, ஆகவே இது வெறும் புண் என்றே சொன்னார். உம்மா கோப்பையைத் துணியில் சுற்றிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு யட்டவத்தைக்கு பஸ் ஏறினார். கோப்பை கடைந்த சிங்களவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். மரத்தில் இருந்த சாறு தீர்ந்துவிட்டதாம். ஒரே தேயிலையில் எத்தனை தடவை தேத்தண்ணீர் ஊற்றுவீர்கள் என்று கேட்டார். இதை வாங்கிய அன்று ஏன் சொல்லவில்லை என்றார் உம்மா. ஐயா கேட்கவில்லையே என்றார் அவர். காசு வாங்காமல் பச்சை வேங்கைத் துண்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

அன்று மாலை உம்மா அந்தத் துண்டை ஒரு போத்தலில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடி, அதற்குப் பக்கத்தில் கோப்பையையும் நிரப்பி வைத்தார். காலையில் என்னை விடாமல் தானே இரண்டையும் வாப்பாவுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். கோப்பையில் வெறும் தண்ணீர். போத்தலில் கடும் தேத்தண்ணீர்.

"இந்தப் போத்தல்ல யாரும் வாய் வைக்கல்ல," என்றார் உம்மா. "இது யாருட சீனி?"

வாப்பா போத்தலை எடுத்து ஜன்னல் வெயிலில் சாய்த்துப் பார்த்தார். பிறகு வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கந்தோருக்கு லீவு எழுதிக் கொடுத்தனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் அவருடைய சிறுநீரில் சில துளிகளை ஒரு நீல மருந்தில் விட்டுச் சூடாக்கினார்கள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. அந்த நிறத்துக்கு, சீனி மிகக் கூட என்று, விளக்கம் சொல்ல அங்கே ஆட்கள் இருந்தார்கள். விரலை எடுத்தார்கள், காலைக் காப்பாற்றினார்கள்.

கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தவரைப் பார்க்கப் போனபோது நான் கட்டிலுக்குக் கிட்டப் போகவில்லை. வெறும் தண்ணீர் என்று கத்திக்கொண்டு ஓடியவள் நான். அந்த விரல் என் கணக்கில்தான் என்று நினைத்திருந்தேன். வாப்பா கையால் கூப்பிட்டார்.

"நெறத்த நீங்க சரியாத்தான் சொன்னீங்க, மகள். பிழையா வாசிச்சது நான்."

இன்று அந்தப் புல்வெளிகளில் பாதி, வரிசையாக நட்ட பைன் மரங்களுக்குக் கீழே கிடக்கிறது. வேங்கையைத் தேடித்தான் காட்ட வேண்டும். கோப்பைகள் தம்புள்ளை வீதிக் கடைகளில் மினுங்குகின்றன, சாறு எப்போது தீரும் என்று எந்தப் பெட்டியிலும் எழுதவில்லை. நானும் வாப்பாவைப் போல் லிகிதராகி, முப்பது வருடங்களுக்கு மேல் இருந்து, பிழைகளுக்குக் கேட்டு வாங்கிய விளக்கக் கடிதங்களைக் கட்டுக் கட்டாகப் படித்து ஓய்வு பெற்றேன். அறிக்கை சரி, பிழையாக வாசித்தது நான்தான் என்று கீழே இருப்பவருக்குச் சொன்ன ஒரு மேலதிகாரியை அத்தனை காகிதத்திலும் நான் காணவில்லை.