சீனி டின்னும் வள்ளத்துத் திருகாணிகளும்

எனக்கு முன்கோபம் என்று ஊரே சொல்லும். அது பொய்யென்று நான் யாரோடும் வாதாடியதில்லை.

மூதூரிலிருந்து திருகோணமலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வள்ளமொன்று என்னிடம் இருந்தது. எழுபதுகளில், வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலத்தில், அதன் அடிப்பலகைகளை மாற்ற வேண்டிவந்தது. தண்ணீருக்குக் கீழே வெண்கலத் திருகாணிதான் போட வேண்டும். பித்தளை ஆகாது. உப்புத்தண்ணீரில் கிடந்தால் தலை அழகாக இருக்கும், உடம்பு விசுக்கோத்துப்போலப் பொடியும். டவுனெல்லாம் அலைந்து, பழைய சாமான் கடையொன்றில் அடிக்கு வெண்கலமும் இருக்கைகளுக்குப் பித்தளையும் வாங்கி, இரண்டு பால்மா டின்களில் வீட்டில் வைத்தேன்.

வேலை செய்தவன் மனைவியின் தம்பி, தச்சன். முதல் நாள் முழுவதும் பூவரச நிழலில் குந்தியிருந்து, திருகாணித் தலைகளை ஒவ்வொன்றாக அரத்தால் உரசிக்கொண்டிருந்தான். ஆணிகளுக்கு நகம் வெட்டிவிடுகிறாயா என்று நாலு பேர் முன்னால் ஏசினேன். அவன் அடுத்த திருகாணியை எடுத்து உரசினான்.

ஒரு வருடம் வள்ளம் ஓடியது. ஒருநாள் காலை, டின்னில் சீனி கொட்டிக்கொண்டிருந்த மனைவி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "இந்த டின்னுக்காகத்தான் உங்கட ஆணியள மற்ற டின்னுக்க கொட்டினனான்." எப்போது என்று கேட்டேன். தம்பி வேலை தொடங்குவதற்கு முதல் நாளாம்.

அப்படியென்றால் அடிப்பலகைகளுக்குப் பித்தளையும் போயிருக்கும். இரண்டும் பழைய திருகாணிகள், பார்வைக்கு ஒரே கறுத்த நிறம். மறுநாள் அவளும் பிள்ளைகளும் அந்த வள்ளத்தில்தான் குடாவைக் கடந்து கோயிலுக்குப் போக இருந்தார்கள்.

அப்படியே கடற்கரைக்கு ஓடினேன். ஆட்களைக் கூப்பிட்டு வள்ளத்தைக் கரைக்கு இழுத்துச் சாய்த்து, அடிப்பூச்சைச் சுரண்டி, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பன்னிரண்டைக் கழற்றினேன். ஒவ்வொரு தலையின் ஓரத்திலும் ஒரு சின்ன அரத் தழும்பு. அதே இடத்தில் நானும் உரசினேன். பன்னிரண்டும் உள்ளே செம்மை, வெண்கலம். இருக்கையிலிருந்து ஒன்றைக் கழற்றி உரசினேன்; அது மஞ்சள், பித்தளை. ஈரமணலில் அப்படியே இருந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிவிட்டு மனைவியின் தம்பியிடம் போனேன். கலந்திருந்தது தெரியுமா என்று கேட்டேன்.

"ஓம் அத்தான். ரெண்டு மூண்டை உரசின உடனயே தெரிஞ்சுது. சொன்னா அக்காவை ஏசுவியள். அதுக்கு என்னை ஏசினாப் பரவாயில்லை எண்டு இருந்திட்டன்."

வீட்டுக்கு வந்தபோது குசினி மேசையில் பழைய பேப்பரை விரித்து, சீனியை அதில் கொட்டி, டின்னைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டு அவள் நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, அந்தச் சீனியைக் கரண்டியால் அள்ளித் திரும்ப டின்னில் போட்டேன்.

"நாளைக்கு வெள்ளன வெளிக்கிடுங்கோ," என்றேன். "வள்ளம் நல்லா இருக்கு."