சட்டி வழித்தது

மலாக்காவில் காஜா பெராங் பக்கம் பிள்ளை பெற்ற வீடு எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பொன்னுதுரையின் லேகியம் எந்த வீட்டுக்குப் போகிறதோ அதுதான். தமிழர்கள் மட்டுமில்லை, தமிழ் மறந்துபோன செட்டிக் கம்பத்துப் பெண்களும் வந்து மலாயில் பேரம் பேசி வாங்கிப் போவார்கள்.

பொன்னுதுரை யார் என்றால், செமாபோக்கில் வாடகைக் கார் ஓட்டிய ராஜரத்தினத்துக்குச் சின்னம்மா மகன். அப்பன் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். மருந்து கிண்டுவது பெண்ணோடு வந்த தொழில். மனைவி சிவகாமிக்கு அப்பன் வீட்டுச் சீர் என்று வந்தது ஒரு பெரிய வெண்கலச் சட்டி, அவ்வளவுதான்.

சுக்கு, மிளகு, திப்பிலி, கூலா மலாக்கா வெல்லம், நெய் எல்லாம் கொதித்து இளகி நிற்கும்போது செந்தூரப் பொடியைத் தூவிக் கிண்டுவார். அந்தப் பொடி முன்பெல்லாம் கப்பலில் வரும். அது வராமல் போகவே, டவுனில் வேறு பொடி வாங்க ஆரம்பித்தார். நல்ல சிவப்பு, உள்ளங்கையில் வைத்தாலே கனம் தெரியும். "சரக்குன்னா இதுதான் சரக்கு" என்று பூரித்துப் போவார்.

கிண்டி இறக்கியதும் மேலாக அள்ளிப் புட்டிகளில் அடைத்தால் அது விற்பனைக்கு. அடியில் சிவந்து பிடித்திருப்பதை மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் விற்கமாட்டார். அதை வழித்தெடுத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும். மாமியார் காலத்திலிருந்து வந்த முறை. சத்தெல்லாம் அடியில்தானே இறங்கும்? அதையும் ஊராருக்குக் கொடுத்துவிட்டால் பெற்ற பெண்ணுக்கு என்ன மிச்சம்?

பெற்றது ஒன்றே ஒன்று, பத்மினி. புக்கிட் பாருவில் கிராணியாகக் கணக்கெழுதிய ராமச்சந்திரனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. நாடு சுதந்திரம் வாங்கிய வருஷம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். பெண் குழந்தை, தலை நிறைய முடி. பொன்னுதுரை ஒரு சட்டி மருந்து தனியாகவே கிண்டினார். காலையிலும் மாலையிலும் வழித்ததை உருண்டை பிடித்து அவர் கையாலேயே மகளுக்கு ஊட்டுவார்.

"அப்பா, நாக்குல இரும்பைக் கடிச்ச மாதிரி இருக்கு."

"மருந்துன்னா அப்படித்தான். பாயாசமா கிண்டி வச்சிருக்கேன்? வாயைத் திற."

சிரித்துக்கொண்டே வாயைத் திறப்பாள். கொஞ்ச நாளில் வயிறு முறுக்கி வலித்தது. முகம் வெளுத்தது. பிள்ளை பெற்ற உடம்பு என்று விட்டுவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் செமாபோக்கில் யாரோ ஒருத்திக்கு லேகியம் ஒத்துக்கொள்ளவில்லை என்று புகார் போய், மருந்து சோதிக்கிற ஆபீசிலிருந்து கணபதி என்ற பிள்ளையாண்டான் வந்தான். நல்ல மரியாதைக்காரன். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தான். அலமாரியில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புட்டிகளை எடுத்தான்.

"எல்லாம் ஒரே சட்டியில கிண்டினதுதானே அண்ணே?"

"ஒரே சட்டிதான் தம்பி. என் மாமனார் சட்டி."

"இதுல காரீய விஷம் எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும். ஒரு புட்டியில கூட இருக்கும், ஒண்ணுல குறைய இருக்கும். எல்லாத்தையும் சேர்த்து சராசரி போடுவோம். மருந்துல பழுதில்லைன்னு வச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிப்போம். அந்த நினைப்பு நிக்காதுங்கிற அளவுக்கு சராசரி மேல போனாத்தான் விற்பனையை நிறுத்தச் சொல்லுவோம்."

"கோர்ட்டு மாதிரின்னு சொல்லு."

"அதேதான். ஆனா அண்ணே, சாட்சி பத்தலைன்னு விடுதலையானவன் எல்லாம் யோக்கியன்னு ஆயிடாது பாருங்க."

"ஆகாதுதான். என் மச்சானே ரெண்டு தடவை விடுதலையானவன்" என்று பொன்னுதுரை சொல்ல, உள்ளேயிருந்து சிவகாமி, "எங்கண்ணனை இழுக்காட்டா உங்களுக்குப் பொழுது போகாதே!" என்றாள். கணபதியும் சிரித்துவிட்டுப் போனான்.

முடிவு வரும்வரை மகளுக்கும் மருந்து வேண்டாம் என்று சிவகாமி எடுத்து வைத்துவிட்டாள். பத்மினிக்கு மெல்ல வயிற்றுவலி தணிந்தது. சோறு இறங்கியது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லை வரைக்கும் நடந்தாள். அதைப் பார்த்தும் அவர்களுக்கு எதுவும் தோன்றவில்லை.

கணபதி மறுபடி வந்தான். சராசரி அளவுக்குள்தான் இருந்தது, பழுது என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை என்றான். பொன்னுதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் கையில் கற்கண்டைத் திணித்தார். அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஓடினார். "கவர்மெண்டே பார்த்துட்டான்! குத்தமே இல்லைன்னுட்டான்!" குற்றம் தெரியவில்லை என்றுதான் கணபதி சொன்னது. இவர் காதில் குற்றமே இல்லை என்று விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் எடுத்து வைத்த கிண்ணத்தை இறக்கினார்.

"வேணாம்ப்பா. இப்பத்தான் நல்லாயிருக்கு."

"விட்டுப்போன நாளுக்கும் சேர்த்துச் சாப்பிடணும் தங்கம். உங்கப்பன் மருந்துல பழுதில்லைன்னு ஆபீசுக்காரனே சொல்லியாச்சு. அப்பனை நம்பமாட்டியா?"

அவள் அதற்குமேல் மறுக்கவில்லை. அப்பன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. உருண்டை முன்னைவிடப் பெரிதாகவே இருந்தது.

ஒரு நாள் காலையில் குழந்தையைத் தூக்கப் போனாள். மணிக்கட்டு இரண்டும் தொங்கிவிட்டன. "அம்மா, கை வரமாட்டேங்குதும்மா" என்று அலறினாள். ராஜரத்தினத்தின் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டாக்டர் அவள் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். நீலமாக ஒரு கோடு ஓடியிருந்தது. காரீயம் என்றார். தாய்ப்பாலை அன்றைக்கே நிறுத்தச் சொன்னார்.

சேதி கேட்டு கணபதி வீட்டுக்கு ஓடி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, தங்கச்சிக்கு எந்தப் புட்டியிலேருந்து குடுத்தீங்க?"

"புட்டியா? புட்டி விக்கிறதுக்கு தம்பி. எம் மகளுக்கு எதுக்குப் புட்டி மருந்து? சட்டி வழிச்சதைத்தான் குடுத்தேன்."

கணபதி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். கிண்ணத்தில் மிச்சமிருந்ததை வாங்கிக்கொண்டு போனான். அதில் இருந்த காரீயத்துக்குச் சராசரியே போட வேண்டியிருக்கவில்லை. டவுனில் வாங்கிய அந்தக் கனத்த பொடியே காரீயம்தான்; அதெல்லாம் சட்டிக்கு அடியில் இறங்கியிருந்தது. மேலே அள்ளியதில் ஏதோ கொஞ்சம்தான்.

"அடியில தனியா ஒண்ணு இருக்கான்னு நான் கேட்டிருக்கணும் அண்ணே" என்றான், முடிவோடு திரும்பி வந்தபோது.

"நீ கேட்டே தம்பி. ஒரே சட்டிதானான்னு கேட்டே. விக்காத பொருளை மருந்துக் கணக்குலேயே நான் வைக்கல." பொன்னுதுரை தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கோர்ட்டுக் கதையும் சொன்னே. சிரிச்சேனே தவிர, காதுல வாங்கல."

பத்மினி உயிர் பிழைத்து வீடு வந்தாள். கைகள்தான் பழையபடி திரும்பவில்லை. குழந்தை டின் பாலில் தேறியது. புக்கிட் பாருவிலிருந்து சம்பந்தியம்மாள் பாக்கியலட்சுமி வந்தாள். கெட்டவள் இல்லை. அழுதுகொண்டேதான் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "தூக்க முடியாதவகிட்ட எப்படி விட்டுட்டுப் போறது, நீங்களே சொல்லுங்க" என்றாள். ராமச்சந்திரன் முதலில் வாராவாரம் வந்தான். பிறகு நாள் கிழமைக்கு மட்டும் வந்தான். பத்மினி வாசல்படியில் உட்கார்ந்து, மடியில் தொங்கும் கைகளை ஒன்றின்மேல் ஒன்றாகத் தோளை அசைத்து எடுத்து வைத்துக்கொண்டு, அவன் போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மருந்து கிண்டுவதை விட்டுவிட்டு பொன்னுதுரை பாசாரில் மூட்டை எடைபோடும் வேலைக்குப் போனார். சட்டியை என்ன செய்தார் என்று சிவகாமியும் கேட்கவில்லை.

பத்மினி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் சோற்றைப் பிசைந்து உருட்டி மகள் வாயருகே கொண்டுபோனார். அவள் வாயைத் திறக்கவில்லை. வேண்டுமென்று செய்தது இல்லை. உதடு தானாக இறுகிக்கொண்டது. "இல்லப்பா, இல்லப்பா" என்று அவளே பதறினாள்.

பொன்னுதுரை அந்த உருண்டையைத் தன் வாயில் போட்டு மென்று, அவள் பார்க்க விழுங்கினார். அப்புறம் அடுத்ததை உருட்டினார். அவள் வாயைத் திறந்தாள்.

அவர் சாகிறவரைக்கும் அந்த வீட்டில் முதல் கவளம் அவருக்குத்தான். போதும் அப்பா, நம்புகிறேன் என்று பத்மினி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்டதில்லை.