அரைத் தம்ளர் தண்ணீர்

கோடைக்கானல் ஏரியில் பாய்ப்படகு வைத்திருந்த ஒரு துரையின் பங்களாவில் நான் சமையல்காரன். சொந்த ஊர் அதே மலையில் வடகவுஞ்சி. ஐம்பதுகளின் கடைசியில், கொச்சியிலிருந்து ஆப்பிரிக்கக் கரைவரை பாய்க்கப்பல் பந்தயம் என்று கிளம்பியவர் என்னையும் கூட்டிப்போனார். அதுவரை நான் பார்த்த பெரிய தண்ணீர் அந்த ஏரிதான்.

கப்பலில் ஐந்து பேர். துரை, அவருடைய கூட்டாளிகள் இருவர், நான், ஏரியில் பிள்ளைகளுக்குப் பாய் கட்டச் சொல்லித்தந்த வாத்தியார். அவர் எங்கள் மலைக்காரர்தான். ஆனாலும் துரைகள் முன்னால் என்னை "ஏலே சட்டி" என்றுதான் கூப்பிடுவார்.

கப்பல் எந்நேரமும் ஒருக்களித்தே ஓடும். இடுப்பில் வாரைக் கட்டி அடுப்படிக் கம்பியில் மாட்டிக்கொண்டுதான் சமைப்பேன். மற்றவர்கள் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை முறை மாற்றிச் சுக்கான் பிடிப்பார்கள். துணி காயவே காயாது. உப்பு ஊறி உட்கார்ந்த இடமெல்லாம் புண். பாரம் கூடினால் வேகம் குறையும் என்று தண்ணீரையும் அளவாகத்தான் ஏற்றியிருந்தார்கள். ஆளுக்கு நாளைக்கு இரண்டு தம்ளர். சோற்றுக்குக்கூடப் பாதி கடல்தண்ணீர்.

பன்னிரண்டாம் நாள் துரை தண்ணீர்த் தொட்டியை அளந்து பார்த்தார். கணக்குக்கு மேல் குறைந்திருந்தது. வாத்தியார் தினமும் நல்ல தண்ணீரில் முகச்சவரம் செய்வதை நான் பார்த்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"இவன்தான் சார். கிச்சன்லயே கெடக்கிறவன் வேற யாரு?"

"நான் எடுக்கலீங்க தொரை," என்றேன். சவரத்தையும் சொன்னேன். வாத்தியார் சிரித்தார். துரை அவரைத்தான் நம்பினார். எனக்கு மட்டும் அளவு பாதியானது. காலையில் அரைத் தம்ளர், மாலையில் அரைத் தம்ளர், எல்லாரும் பார்க்கக் குடிக்க வேண்டும். தொண்டையில் இறங்கிய ஒவ்வொரு வாயும் நெருப்பாக இருந்தது.

அன்றே முடிவு செய்தேன். வாத்தியார் தட்டில் மட்டும் குழம்புக்கு மேல் ஒரு கரண்டி கடல்தண்ணீர். மறுநாள் இரண்டு.

"உப்பு ஜாஸ்தியா இருக்கேலே?"

"கடல்ல எல்லாமே உப்புதாங்க."

சமையல்காரனுக்கு அவ்வளவு துணிச்சல் வராது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். தட்டை வழித்துத்தான் தின்றார். மூன்றாம் நாள் உதடு வெடித்தது. நாக்கு வீங்கிப் பேச்சு குழறியது. என் தாகத்தோடு உட்கார்ந்து அவர் தாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பொறுமையாக வேறெதையும் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் சுக்கானை விட்டுவிட்டுக் கீழே ஓடிவந்தார். தொட்டிக் குழாயில் வாயை வைத்து உறிஞ்சினார். சுக்கானில் ஆளில்லாமல் கப்பல் காற்றில் திரும்பி, பெரிய பாய் நெடுகக் கிழிந்தது. சத்தம் கேட்டு இறங்கி வந்த துரை, குழாயில் வாய் வைத்தபடி நின்றவரைப் பார்த்தார். அதற்கப்புறம் கரை சேரும்வரை வாத்தியார் கையில் சுக்கானைக் கொடுக்கவில்லை. எனக்கு முழுத் தம்ளர் நீட்டினார்; மன்னிப்பு கேட்கவில்லை. பந்தயத்தில் கடைசியாகப் போய்ச் சேர்ந்தோம்.

ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் பெருமாள்மலையில் பஸ்ஸுக்கு நின்றபோது வாத்தியார் கிட்டே வந்தார்.

"நீதானலே செஞ்ச?"

"ஆமாங்க."

"துரையோட பாயாச்சே கிழிஞ்சது. அவருக்கு என்ன பதில் சொல்லுவ?"

"நீங்க சொன்ன பொய்யையே அவரு நம்பினாரு. கிழியட்டும்," என்றேன்.

பஸ் வந்தது. நான் ஏறினேன். அவர் ஏறவில்லை.