தேயிலைக் கொட்டைக் கிண்ணம்

கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கிண்ணம் இருக்கிறது. தேயிலைக் கொட்டைகளைத் துளைத்துச் செம்புக் கம்பியில் கோத்தது. ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. நான் அதை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தவும் மாட்டேன்.

என் தங்கச்சி செய்தது. தொண்ணூறுகளின் கடைசி, இலங்கையில் யுத்த காலம். நான் ஐந்தாம் வகுப்போடு கொழுந்து பறிக்கப் போனவள். அவள் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தாள். மின்சாரம் கடத்தும் புதிய பொருளுக்கு மூலக்கூறு வடிவமைப்பது அவள் வேலை. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கரண்டு இல்லை. லீவில் வந்தால் குப்பி விளக்கடியில் உட்கார்ந்து கம்பியை வளைப்பாள். ஃபெக்டரியில் எரிந்துபோன மோட்டாரில் உரித்த கம்பி. பக்கத்துக் காம்பராக்காரி எட்டிப் பார்த்து, "கொட்டையில மாலையா? எந்த சாமிக்குடி?" என்பாள். "கரண்டு சாமிக்கு, மதினி" என்பாள் இவள்.

எனக்கும் ஒருநாள் சொன்னாள். ஒரு கொட்டை ஓர் அணு. ஆறாறாக வளையம் கோத்தால் தட்டையாகவே பரவும். நடுவில் ஐந்து கொட்டையில் ஒரு வளையம் போட்டால் விளிம்பு எழும்பிக் கிண்ணமாகும். "தட்டையா பெருசா போனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்க்கா, எதுலயும் கரையாது. வளைஞ்சா கரையும், மை மாதிரி பூசலாம். கிண்ணத்துக்குள்ள கிண்ணமா அடுக்கினா கரண்டு அது வழியா ஓடும். பேப்பர் மாதிரி மெல்லிசா லைட்டு செய்யலாம்." அடுத்த வாரம் ஆராய்ச்சிப் படிப்புக்கு நேர்முகப் பரீட்சை. அங்கே காட்டத்தான் இந்தக் கிண்ணம்.

அதற்குள் லயத்தில் பொலிஸ் வந்து சோதனை போட்டது. கூடவே எங்கள் மலையில் வேலை வாங்கும் மேலாள், கண்டாக்கையா. பொலிஸ்காரர் கம்பிச் சுருளைத் தூக்கி, கரண்டே இல்லாத வீட்டில் இது எதற்கு என்று சிங்களத்தில் கேட்டார். கரண்டு கடத்தும் பொருளின் மாதிரி என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். உண்மையைத்தான் சொன்னாள். குண்டு என்றார்கள். கிண்ணம் கீழே விழுந்து ஒரு சப்பாத்துக்கடியில் ஒரு பக்கம் தட்டையானது. கம்பிச் சுருளைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு அவளை ஜீப்பில் ஏற்றினார்கள்.

"ஐயா, சொல்லுங்கய்யா, நம்ம புள்ளதானே?" என்றேன்.

கண்டாக்கையா ரோட்டைப் பார்த்தார். "வெளிய போயி என்ன படிக்குதுகளோ, எனக்கென்ன தெரியும்?"

அவர் மகளுக்கு வீடு தேடிப் போய்க் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் இவள். தெரியாதாம்.

விட்டபோது நேர்முகப் பரீட்சை முடிந்திருந்தது. இடம் வேறு ஆளுக்குப் போய்விட்டது. தப்பு நடந்துவிட்டது என்று ஒருத்தன்கூடச் சொல்லவில்லை. இப்போது நுவரெலியாவில் மருந்துக்கடையில் நிற்கிறாள். கிண்ணத்தைப் பற்றி ஒரே தடவைதான் பேசினாள். "தூக்கிப் போடுக்கா." நான் போடவில்லை.

அந்தச் சோதனை நடந்து சில வருடம் கழித்து லயத்துக்குக் கரண்டு வந்தது. அந்தக் கிண்ணத்தை உரசிக்கொண்டுதான் வயர் இழுத்தார்கள். கண்டாக்கையாவும் வாசலில் நின்று பார்த்தார். கம்பி எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.