மூன்றாவது அட்டை

பேச்சியம்மாள் எழுதிய புரோகிராமை எங்கள் ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவு மேலாளர் திருடினார். இதைச் சொல்லாமல் பேச்சியம்மாளுக்கு அஞ்சலி எழுத எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, கப்பலூர் ஆலை வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தேன். உசிலம்பட்டி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒச்சப்பன் அண்ணன், நூற்புப் பிரிவுத் தொழிலாளி, என் தோளைப் பிடித்தார். "பேச்சி போயிருச்சுப்பா. மஞ்சக்காமாலை. விடியக்காலம் முடிஞ்சுபோச்சு." பேச்சியம்மாளுக்கு முப்பத்து நான்கு வயது.

எழுபதுகளின் நடுவில் நானும் அவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். புரோகிராமின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை. தாளில் மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததை அவர் அட்டையில் துளையிடுவார். நான் அட்டைகளை மெஷினில் ஓட்டுவேன். யோசிப்பது எங்கள் வேலை இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். பேச்சியம்மாள் துளையிட்டதையெல்லாம் படித்தார். படித்தே கோபோல் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றார். "பெரிய வித்தையெல்லாம் இல்ல தம்பி. தண்ணி எந்த வாய்க்கால்ல திரும்புதுன்னு பாத்தாப் போதும்" என்பார்.

மெட்ராஸிலிருந்து வந்தவர்கள் எழுதிய நூல் இருப்பு புரோகிராம், ராத்திரி நடக்கும் மூன்றாம் ஷிப்டில் நூல் குறைகிறது என்று அச்சடித்தது. திருட்டு என்று மூன்று பேரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஒச்சப்பன் அண்ணன் அதில் ஒருவர். மெஷின் பொய் சொல்லாது என்றது நிர்வாகம்.

தவற்றைப் பேச்சியம்மாள் கண்டுபிடித்தார். விடியும்வரை நூற்றதை முந்தைய நாளில் சேர்ப்பது ஆலை வழக்கம். புரோகிராமோ பன்னிரண்டு அடித்ததும் தேதியை மாற்றி, மிச்ச நூலை அடுத்த நாளில் போட்டது. சொன்னபோது, "பஞ்ச் அடிக்கிற வேலையப் பாரும்மா" என்றார் மேலாளர். பேச்சியம்மாள் சாப்பாட்டு இடைவேளைகளில், கழித்துப்போட்ட தாள்களின் பின்பக்கத்தில், முழுப் புரோகிராமையும் புதிதாக எழுதினார். இரண்டு மாதம். ஓட்டினோம். நூல் சரியாக இருந்தது. மூன்று பேரும் வேலைக்குத் திரும்பினார்கள். யாரும் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

கோபோலில் எழுதியவர் பெயருக்கென்றே ஒரு வரி உண்டு. எங்கள் அட்டைக் கட்டில் அது மூன்றாவது அட்டை. அதில் பேச்சியம்மாள் தன் பெயரைத் துளையிட்டார். அட்டைகள் சிதறினால் வரிசைப்படுத்த, கட்டின் மேல்விளிம்பில் குறுக்காக மையால் ஒரு கோடு இழுத்துவைப்போம். அவர் நீல மையில் இழுத்தார்.

முதலாளிகள் பார்வையிட வந்த அன்று மேலாளர் அந்த அட்டையை உருவிக் குப்பையில் போட்டுவிட்டு, தன் பெயரிட்ட அட்டையைச் செருகினார். நானும் அங்கே நின்றேன்.

"அந்த வரிய மெஷின் கண்டுக்காதும்மா. யார் பேரு இருந்தா என்ன?"

"கண்டுக்காதுல்ல சார். அப்ப எம் பேரே இருந்துட்டுப் போகட்டும்."

 நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் என்னுடையது.

அடுத்த வருடம் புரோகிராமர் பதவிக்கு ஆள் எடுத்தார்கள். எழுதிய புரோகிராமைக் காட்டச் சொன்னார்கள். பேச்சியம்மாள் அச்சுப்பிரதியைக் கொண்டுபோனார். மூன்றாவது வரியில் மேலாளரின் பெயர் இருந்தது. "அடுத்தவர் வேலையைக் காட்டலாமா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். கேட்டவர்களில் மேலாளரும் ஒருவர். சாகும்வரை பேச்சியம்மாள் துளையிடும் மெஷின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கட்டு இன்றும் ஓடுகிறது. ஓடும்போது மேலாளர் பக்கத்திலேயே நிற்பார். முடிந்ததும் பீரோவில் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வார். ஆனால் ஓட்டும் என் கண்ணிலிருந்து நீலக் கோட்டை அவரால் மறைக்க முடியாது. அது தொடங்கும் இடத்தில், அவர் செருகிய மூன்றாவது அட்டையில் மட்டும், மை இல்லை.

துக்கத்துக்குப் போனபோது பேச்சியம்மாளின் தங்கை என்னிடம் ஓர் அட்டையைக் கொடுத்தார். அன்று குப்பைக்கூடையிலிருந்து அக்கா எடுத்துவந்தது. விளிம்பில் நீலப் புள்ளி அப்படியே இருக்கிறது.

திங்கட்கிழமை கேன்டீனில் இரங்கல் கூட்டம். "கடமை தவறாத பஞ்ச் ஆபரேட்டர்" என்றார் மேலாளர். நான் எழுந்து அட்டையை நீட்டினேன். "அவங்க எழுதுன புரோகிராம் சார் அது. பீரோவத் திறந்து, உங்க கையால இத வைங்க."

"எல்லாரும் ரெண்டு நிமிஷம் மௌனமா நில்லுங்க" என்றார் அவர்.

நின்றோம். என் கை நீண்டே இருந்தது. மௌனம் முடிந்ததும் தன் அறைக்குப் போய்விட்டார்.

போய் வாருங்கள், பேச்சியம்மாள். அன்று பேசாததற்கு என்னை மன்னியுங்கள்.

மேலாளர் அவர்களே, பீரோவைத் திறவுங்கள்.